ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பு

"அக்கா, ஃபியூஸ் போயிருச்சு. மூணாவதும் போயிருச்சு."

சனிக்கிழமை சாயங்காலம் ஆழியாற்றிலிருந்து நீ போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எப்போ போச்சு?" நீ சொன்ன பதில், "இப்பத்தான், அஞ்சு நிமிஷம் ஆச்சு." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணியை யார் கேட்டது அம்மிணி? என்ன செய்துகொண்டிருந்தபோது போச்சு என்றுதான் கேட்டேன். சாவியைத் திருப்பினபோதா, ஹாரன் அடித்தபோதா, பிரேக் பிடித்தபோதா, பள்ளத்தில் விழுந்து எழுந்தபோதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. பதில் இல்லையென்றால் ஒரு டப்பா ஃபியூஸ் வாங்கிப் போட்டாலும் அத்தனையும் போகும்.

நீ யோசித்துச் சொன்னாய். வால்பாறையிலிருந்து இறங்குகிறாய். 40 கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவதில் தொடங்கி பத்தாவது வரைக்கும் 31 வளைவு நல்லபடியாக வந்த வண்டி, ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ பாயின்ட் பக்கம், வளைவுக்குள் நுழையும்போதே என்ஜின் நின்றுவிட்டது. ஃபியூஸ் மாற்றினாய், ஓடியது. அடுத்த வளைவில் மறுபடி. கையிலிருந்த கடைசி ஃபியூஸையும் போட்டாய், அதுவும் போயிற்று. மிச்சத்தை என்ஜின் இல்லாமலே உருட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தாய். (அதற்கு நேரில் வந்தபோது திட்டிவிட்டேன், இங்கே மறுபடி வேண்டாம்.)

வளைவு என்றால் இரண்டு காரியம் நடக்கிறது: ஹேண்டில் திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறோம். இரண்டில் எது குற்றவாளி? அதைப் பிரித்துப் பார்க்க உன் கையில் ஃபியூஸ் இல்லை. வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறச் சொன்னேன். பின்லைட் எரியுமா எரியாதா என்று தெரியாத வண்டியை இருட்டில் அந்த ரோட்டில் ஓட்டக்கூடாது. அதற்கு எந்த டிப்ஸும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து கண்டுபிடித்ததை உனக்காகவும், உன்னைப் போல வண்டி ஓட்டுகிற மற்ற தங்கச்சிகளுக்காகவும் எழுதிவைக்கிறேன்.

வெள்ளிக் காகிதக் கதை

எனக்கு இந்தப் புத்தி காசு கொடுத்துத்தான் வந்தது. முதல் வேலைக்குப் போன காலத்தில் ஒரு பழைய பைக் வாங்கினேன். மார்கழிப் பனியில் ரோடு தெரியவில்லை என்று ஒரு கடையில் இரண்டு ஃபாக் லைட் மாட்டிக்கொண்டேன். ஒன்று 55 வாட். கடைக்காரர் ஹெட்லைட் ஒயரைச் சீவி, அதிலேயே முறுக்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எரிந்தது. இரண்டு நாள் கழித்து ஃபியூஸ் போயிற்று. மாற்றினேன், போயிற்று. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, "இதுக்கா கவலைப்படறே" என்று சிகரெட் டப்பாவின் வெள்ளிக் காகிதத்தை மடித்து அந்த இடத்தில் செருகினார். வண்டி பிரமாதமாக ஓடியது, ஐப்பசி மழை வரைக்கும். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது டேங்குக்கு அடியிலிருந்து புகை. லைட் ஒயர் எங்கேயோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. ஃபியூஸ் உருக வேண்டிய இடத்தில் ஒயர் உருகிவிட்டது. சிவப்பு, கறுப்பு, பச்சை எல்லாம் ஒன்றாகக் குழைந்து, உருகின மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிட்டது. அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்! முழு ஒயரிங் கிட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றைக்கு நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு. வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஹெட்லைட் 35 வாட், அதாவது 3 ஆம்பியர். பிரேக் லைட் 21 வாட், 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கத்து இண்டிகேட்டர் இரண்டும் 10 வாட் பல்பு என்றால், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. நான் மாட்டின ஃபாக் லைட் மட்டும் 110 வாட், 9 ஆம்பியருக்கு மேல். அந்த வண்டியின் ஃபியூஸ் மொத்தமே 10 ஆம்பியர். போகாமல் என்ன செய்யும்?

ஆகவே ஃபியூஸ் போவதில் இரண்டு வகை உண்டு. தாங்க முடியாத சுமை ஒன்று. ஒயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டு, நேர்வழியாக ஷார்ட் ஆவது இன்னொன்று. போன ஃபியூஸைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் இடம் கறுத்து, உலோகம் சிதறி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஷார்ட். கறுப்பு அதிகம் இல்லாமல் தகடு நடுவில் மட்டும் உருகி விலகியிருந்தால் பெரும்பாலும் சுமை. காலில் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் மூன்றாவது கதை: ஃபியூஸ் ஹோல்டரின் பிடி தளர்ந்து, அந்த இடமே சூடாகிறது. அப்போது ஹோல்டரைத்தான் மாற்ற வேண்டும். உன்னுடைய மூன்றும் கரிக்கட்டை மாதிரி இருந்தன.

நிறத்தையும் மனப்பாடம் செய்துகொள். தகடு ஃபியூஸில் இளம்பழுப்பு 5, அடர்பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. தலையில் எண்ணும் அச்சடித்திருக்கும். 15 இருந்த இடத்தில் 15தான். அவசரத்துக்கு 10 கிடைத்தால் போட்டுப் பார்க்கலாம், போனால் ஃபியூஸோடு போகும். 20 மட்டும் கூடாது. ஃபியூஸின் அளவு அந்த ஒயரின் தடிமனுக்காக வைத்த அளவு. நிறைய வண்டிகளில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள்ளேயே ஒரு உபரி ஃபியூஸ் இருக்கும். வண்டி வாங்கி மூன்று வருஷமாகியும் அதைத் திறந்தே பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

எப்போ, எப்போ, எப்போ

சாவியே போடவில்லை, ஃபியூஸைச் செருகினவுடனே பொறி பறந்து போகிறது என்றால், பேட்டரியிலிருந்து சாவி ஸ்விட்ச் வரை போகும் ஒயரிலோ ஆர்.ஆர். யூனிட்டிலோ (சார்ஜை அளவோடு அனுப்பும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கோளாறு. அந்த யூனிட்டின் கப்ளரை, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பை, கழற்றிவிட்டு ஃபியூஸ் நிற்கிறதா என்று பார். சாவியை ஆன் செய்ததும் போனால், சாவிக்கு அப்புறம் உயிர்பெறும் ஒயர்களில் தேடு. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் மட்டும் போனால், நேராகக் கழுத்துக்குப் போ. ஒயர் கட்டு மொத்தமும் அங்கேதான் வளைந்து வளைந்து, பத்து வருஷத்தில் லட்சம் தடவை உரசியிருக்கும். ஹாரன் அடித்தால் போகிறது, இடது இண்டிகேட்டர் போட்டால் போகிறது என்றால் குற்றவாளியின் விலாசமே கிடைத்துவிட்டது. மேடு பள்ளத்தில் போனால் சீட்டுக்கு அடியிலும் மட்கார்டுக்கு உள்ளேயும் பார். மழையில் மட்டும் போனால் கப்ளர்கள், ஹேண்டில் ஸ்விட்ச்.

அரை மணி நேரம் ஓடின பிறகு மட்டும் போகிறது என்பார்கள் சிலர். அது சூட்டின் வேலை. ஒயர் சைலன்சரைத் தொடுகிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் சுமைக் கணக்கைப் போடு.

பிரேக்கில் இன்னும் ஒரு படி பிரிக்கலாம். கை பிரேக்குக்கு ஒரு ஸ்விட்ச், கால் பிரேக்குக்கு ஒரு ஸ்விட்ச். கை பிரேக்குக்கு மட்டும் ஃபியூஸ் போனால் ஹேண்டில் பக்கம். கால் பிரேக்குக்கு மட்டும் போனால் மிதி பக்கம். இரண்டுக்கும் போனால் இரண்டு ஒயரும் ஒன்று சேர்ந்த பிறகு, பின்லைட் வரைக்கும் உள்ள பொதுவழியில். உட்கார்ந்த இடத்திலேயே வண்டியில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டோம் பார்.

ஆனால் ஒவ்வொன்றையும் சோதிக்க ஒவ்வொரு ஃபியூஸ் பலி கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதற்குத்தான் பல்பு.

பல்பு வித்தை

பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர் ஒன்று, ஒரு முழ ஒயர் இரண்டு. போன ஃபியூஸ் ஒன்றின் பிளாஸ்டிக்கை உடைத்து, அதன் இரண்டு கால்களிலும் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டால் ஃபியூஸ் ஹோல்டரில் கச்சிதமாக உட்காரும். மொத்தச் செலவு இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு கூட ஆகாது. சோதிக்கிற இடத்தில் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இந்தப் பல்பைச் செருக வேண்டும்.

என்ன நடக்கும்? ஷார்ட் இருந்தால் கரண்ட் முழுவதும் பல்பு வழியாகப் போகும். பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். 2 ஆம்பியருக்கு மேல் அது விடாது. அதனால் ஒயர் சுடாது, ஃபியூஸ் போகாது, மணிக்கணக்கில் ஆற அமரத் தேடலாம். பிறகு ஒவ்வொரு கப்ளராகப் பிரித்துக்கொண்டே வா. எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். விட்டுவிட்டு வரும் ஷார்ட் என்றால் இன்னும் சுகம். பல்பைக் கண் எதிரே வைத்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பு, ஒயர் கட்டை அங்கங்கே மெல்ல அசைத்துப் பார். தொடுகிற இடத்தில் பல்பு மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. நல்ல நிலையில் இருக்கும் ஹெட்லைட்டும் பல்பு வழியாகக் கரண்ட் இழுக்கும். 35 வாட் ஹெட்லைட் மாட்டியிருந்தால் உன் 21 வாட் பல்பு நன்றாகவே எரிந்து, ஷார்ட் என்று ஏமாற்றும். 2017க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஆஃப் ஸ்விட்சே கிடையாது. ஆகவே முதலில் ஹெட்லைட் கப்ளரைப் பிரித்துவிட்டுத்தான் மற்றது.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால், அதாவது 2020க்குப் பிறகு வந்தவற்றில் அநேகமாக எல்லாம், லைட்டு, ஹாரன் ஃபியூஸில் மட்டும் இந்த வித்தையைச் செய். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வின் கப்ளரைப் பிரிக்காதே, அதில் ஊசியைக் குத்தாதே. என்ஜின் ஓடும்போது எந்த வண்டியிலும் பேட்டரி ஒயரைக் கழற்றாதே.

வேலையைத் தொடங்கும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவை. இதை ஆண்கள் எழுதும் டிப்ஸில் பார்க்க முடியாது. பேட்டரியின் ப்ளஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு தங்க வளையல் மாட்டினால், அந்த வளையல்தான் ஃபியூஸ். கையில் தழும்பு போகாது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். ஸ்பேனர் நழுவிப் பாடியில் பட்டாலும் பொறி வராது.

உன் வண்டியில் நடந்தது

ஹெட்லைட் கப்ளரைப் பிரித்து, பல்பைச் செருகி, சாவியை ஆன் செய்தோம். பல்பில் வெளிச்சமே இல்லை. ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தாய், ஒன்றுமில்லை. அப்பாடா, கழுத்து தப்பித்தது. கை பிரேக்கைப் பிடித்தாய். பல்பு பளிச்! கால் பிரேக்கை மிதித்தாய். அதற்கும் பளிச்!

இங்கே ஒன்று கவனித்தாயா? கோளாறு இல்லாத வண்டியிலும் பிரேக் பிடித்தால் நம் பல்பு கொஞ்சம் எரியும். ஆனால் பின்னால் இருக்கும் பிரேக் பல்பும் 21 வாட், இதுவும் 21 வாட், அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி ஆளுக்குப் பாதி வோல்ட் எடுத்துக்கொண்டு இரண்டும் மங்கலாக எரியும். உன் வண்டியில் பின்னால் இருட்டு, இங்கே முழு வெளிச்சம். கரண்ட் பிரேக் பல்பு வரைக்கும் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

சீட்டைத் தூக்கி பின்லைட் கப்ளரைப் பிரித்தோம். பிரேக் பிடித்தால் பல்பில் அசைவே இல்லை. ஆக, அந்தக் கப்ளருக்கும் லைட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு முழ ஒயரில்தான் திருடன். மட்கார்டுக்கு அடியில் கையை விட்ட நீதான் கண்டுபிடித்தாய். போன மாதம் நம்பர் பிளேட் மாற்றினாயே, அதற்குப் போட்ட திருகு தேவைக்கு இரண்டு மடங்கு நீளம். உள்ளே நீட்டிக்கொண்டு, பின்லைட் ஒயரின் தோலை ஒரு மாதமாக அரித்திருக்கிறது. முப்பத்தோராவது வளைவு வரைக்கும் தோல் தாங்கியது. அதற்கப்புறம் செம்பு தெரிந்துவிட்டது.

இதிலிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள். கோளாறு வந்ததும், கடைசியாக இந்த வண்டியில் யார் கை வைத்தார்கள் என்று யோசி. சீட் கவர் தைத்தவர், கிராஷ் கார்டு மாட்டினவர், வாட்டர் வாஷ் அடித்தவர், அலாரம் பொருத்தினவர். என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஒட்டுப் போடுவது

நீ டேப்பை எடுத்துச் சுற்றப் போனாய், நான் கையைத் தட்டிவிட்டேன், கோபித்துக்கொண்டாய். காரணம் இதுதான். கறுப்பு டேப் நம்ம ஊர் வெயிலில் இளகிப் பிசின் வடியும், ஆறு மாதத்தில் அவிழும். செம்பு பாதி அறுந்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு, அதே தடிமன் ஒயரால் சேர்த்து, பற்றவைத்து, மேலே சூடுபட்டால் சுருங்குகிற ஸ்லீவ் போட வேண்டும். ஸ்லீவை ஒயரில் நுழைத்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்துவிட்டு ஸ்லீவைத் தேடுவது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். எனக்கு மூன்று தடவை. கடைசியில் ஒயரைத் திருகு, சக்கரம், சைலன்சர் மூன்றுக்கும் எட்டாத வழியில் கொண்டுபோய் டேக் போட்டுக் கட்டு. கழுத்துப் பகுதியில் மட்டும் இறுக்கிக் கட்டாதே, ஹேண்டில் திரும்ப இடம் விடு.

ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டா வழி வண்டிகளில் பச்சைதான் எர்த்து, கறுப்பு சாவி போட்டால் உயிர்பெறும் ஒயர். யமஹாவில் கறுப்புதான் எர்த்து, பழுப்பு சாவி ஒயர். ஒன்றில் படித்ததை இன்னொன்றில் செய்தால் நீயே ஒரு ஷார்ட் உண்டாக்கிவிடுவாய். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு நம்பு.

ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது, வண்டி மட்டும் ஊமையாக இருக்கிறது

இது அடிக்கடி நடப்பது, ஆனால் சுலபமானது. பேட்டரி டெர்மினல் திருகைக் கையால் ஆட்டிப் பார். ஆடினால் இறுக்கு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். காய்ந்த பிறகு மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவு. செல்ஃப் அடித்தால் "டக் டக்" என்று மட்டும் கேட்டால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் தளர்வு. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதே, மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கும். மீட்டரில் பீப் கேட்க வேண்டும்.

மீட்டரில் சில எண்களை ஞாபகம் வை. வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6க்கு மேல் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் பட்டினி. என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் முறுக்கினால் பதிமூன்றரையிலிருந்து பதினான்கரைக்குள் நிற்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் சார்ஜ் வரவில்லை. மேக்னட் காயில் அல்லது ஆர்.ஆர். யூனிட், கடைக்குத்தான் போக வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாடு இழந்துவிட்டது. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பல்பு போனாலும் பேட்டரித் தண்ணி சீக்கிரம் வற்றினாலும் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எர்த்து கோளாறுக்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் லேசாகக் கண் திறக்கும். இண்டிகேட்டர் போட்டால் பின்லைட் கூடவே துடிக்கும். கரண்ட் திரும்பி வர நேர்வழி இல்லாமல் அடுத்த பல்பு வழியாகப் புகுந்து வருகிறது. எர்த்து ஒயர் பாடியில் மாட்டியிருக்கும் திருகைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகச் சுரண்டிவிட்டு இறுக்கினால் சரியாகிவிடும். இண்டிகேட்டர் திடீரென்று படபடவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது, வேறு ஒன்றுமில்லை.

எலி. இதை நான் எழுதியே ஆக வேண்டும். பத்து நாள் வண்டியை எடுக்காமல் தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தினால் சைடு பேனலுக்குள் தேங்காய் நார் மெத்தை போட்டுக் குடும்பமே நடத்தும். ஒயரின் தோலை மட்டும் கரும்பு கடிப்பது போலக் கடித்து வைத்திருக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் செல்ஃப் அடிக்கும் முன் சைடு பேனலைத் திறந்து பார். அந்துருண்டை வைக்கச் சொல்வார்கள். நானும் வைக்கிறேன். எங்கள் வீட்டு எலிக்கு அது பழகிவிட்டது என்று நினைக்கிறேன். அடிக்கடி வண்டியை எடுப்பதுதான் வேலை செய்கிறது.

மேலே எதையாவது மாட்ட ஆசைப்பட்டால்

செல்போன் சார்ஜர் மாட்டிக்கொள், தப்பில்லை. சாவியை ஆஃப் செய்தால் அதுவும் ஆஃப் ஆகும்படி மாட்டு. இல்லையென்றால் அதன் குட்டி விளக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, பேட்டரியை ஒரு மாதத்தில் படுக்க வைக்கும். உன் வண்டி பேட்டரி கைக்குள் அடங்கும் அளவுதான். கூடுதல் லைட் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், அதற்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ், ஒரு ரிலே. ஹெட்லைட் ஒயர் ரிலேவுக்குச் சைகை மட்டும் கொடுக்க வேண்டும், சுமை அதன் மேல் ஏறக்கூடாது. "அதெல்லாம் எதுக்கு மேடம், இதிலேயே கட் பண்ணிக் கொடுத்துரலாம்" என்று கடையில் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வா. சக்கரத்தைச் சுற்றிக் கலர் கலராக எரியும் பட்டை விளக்கைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும்.

நம்மால் முடியாதபோது எலக்ட்ரீஷியனிடம் போவது அவமானம் இல்லை. அங்கே போய் "வண்டி சரியில்லை" என்று சொல்லாதே. "கை பிரேக், கால் பிரேக் இரண்டுக்கும் ஃபியூஸ் போகுதுங்க, பின்லைட் கப்ளரைப் பிரிச்சா போகலீங்க" என்று சொல். பத்து நிமிஷ வேலை என்று அவருக்கும் புரியும், உனக்குப் புரியும் என்றும் அவருக்குப் புரியும். ஒயரிங் கிட் முழுசா மாத்தணும் என்ற பேச்சு வந்தால், எந்த ஒயர் எங்கே போயிருக்கிறது என்று காட்டச் சொல். என் பைக் மாதிரி உருகிக் கிடந்தால் ஒழிய அதற்கு அவசியம் வராது.

உன் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஜிப் பை வைத்திருக்கிறேன். சரியான அளவில் ஃபியூஸ் நான்கு, பல்பு செட், ஒரு முழ ஒயர், நான்கு டேக், பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர். டேப்பும் இருக்கிறது, வீடு வந்து சேருகிற வரைக்கும் மட்டும். அந்த நீளத் திருகையும் அதிலேயே போட்டிருக்கிறேன். அடுத்த தடவை கடையில் நம்பர் பிளேட்டில் கை வைத்தால் எடுத்துக் காட்டு.

உங்க மாமா பல்பு செட்டைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். செய்து கொடுக்கலாம் என்று அவர் வண்டியின் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே வெள்ளிக் காகிதம்.